எண்ணெய் கசிந்த மண்ணைக் களத்திலேயே சோதிக்கும் முறை

நிலத்தடி எரிபொருள் தொட்டியை வெளியே எடுக்கும்போதோ, பழைய பணிமனை ஒன்றின் தரையை உடைக்கும்போதோ மண்ணிலிருந்து பெட்ரோல் வாடை கிளம்பினால், அங்கே நிற்பவர்களுக்கு மூன்று கேள்விகளுக்கு உடனே விடை வேண்டும்: இது எந்த எண்ணெய், எதுவரை பரவியிருக்கிறது, இன்னும் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை தோண்டும் இயந்திரத்தையும் ஆட்களையும் நிறுத்திவைக்க யாராலும் முடியாது. அந்த இடைவெளியில் கைகொடுப்பவைதான் களச் சோதனைகள். ஆனால் அவை காட்டும் எண்ணை அப்படியே மாசின் அளவாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. களத்தில் கிடைக்கும் ஓர் எண், அதே நாளில், அதே கருவியால், அதே முறையில் எடுத்த இன்னோர் எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பொருள் தருகிறது. ஆகவே இங்கே கருவிகளைவிட, அவற்றைப் பயன்படுத்தும் ஒழுங்கைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

எந்தச் சோதனையைச் செய்வது என்பதை எண்ணெயின் தன்மைதான் முடிவு செய்யும். பெட்ரோலில் உள்ள சேர்மங்களில் பெரும்பாலானவை 4 முதல் 12 வரை கார்பன் அணுக்கள் கொண்டவை. அவை எளிதில் ஆவியாகும். பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. டீசலில் ஏறத்தாழ 10 முதல் 24 கார்பன் வரையிலான சேர்மங்கள் மிகுதி. அது மெதுவாகவே ஆவியாகும். இயந்திர எண்ணெயும் கழிவு எண்ணெயும் இன்னும் கனமானவை. சாதாரண வெப்பநிலையில் அவற்றிலிருந்து ஆவி ஏறக்குறைய வருவதே இல்லை. ஆகவே ஆவியை அளக்கும் கருவி பெட்ரோலுக்கு மிக நன்றாகவும், புதிய டீசலுக்கு ஓரளவுக்கும் உதவும்; இயந்திர எண்ணெயில் ஊறிய கறுத்த மண்ணின் முன்னே அது பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் கசிந்து, எளிதில் ஆவியாகும் பகுதியை இழந்துவிட்ட பழைய பெட்ரோலும் இப்படி ஏமாற்றும். அந்த இடத்தில் முன்பு என்ன எரிபொருள் இருந்தது, தொட்டி எந்தப் பக்கம் இருந்தது, குழாய் எந்த வழியாகச் சென்றது என்று விசாரிக்கச் செலவிடும் அரை மணி நேரம், பிறகு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் இதில் சலுகை கிடையாது. மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கம் களத்தில் இன்னும் இருக்கிறது; அதை விட்டுவிட வேண்டும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியாக அறியப்பட்ட பொருள். அமெரிக்கப் பணியிட விதிகளில் அதற்கான எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மட்டுமே, அந்த அளவை மூக்கால் உணர முடியும் என்று நம்பவே கூடாது. தானாக வந்து படும் வாடையைக் குறித்துக்கொள்ளலாம், தேடிப் போகக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தின் அடியில் தேங்கும். காற்றில் அது சுமார் 1.4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும். ஆகவே தீப்பற்று எல்லையை அளக்கும் கருவி ஒன்று பள்ளத்தின் அருகே எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த எல்லையின் 10 சதவீதத்தைக் காட்டினால் வேலையை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். ஆழமான பள்ளத்துக்குள் இறங்கி மாதிரி எடுக்காதீர்கள். இயந்திரத்தின் வாளியை மேலே கொண்டுவரச் சொல்லி, வாளியின் நடுவிலிருந்து, உலோகத்தில் படாத மண்ணை எடுங்கள். நைட்ரைல் கையுறையை ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்றுங்கள். இது உங்கள் கைக்காக மட்டுமன்று, அடுத்த மாதிரிக்காகவும்தான்.

எங்கிருந்து மண் எடுப்பது

முதல் மாதிரி, மாசே இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். கசிவு நிகழ்ந்த இடத்துக்கு மேட்டுப் பக்கத்தில், அதே வகை மண் உள்ள இடத்தில், இரண்டு மூன்று மாதிரிகள் எடுத்து, மற்றவற்றுக்குச் செய்யப்போகும் எல்லாச் சோதனைகளையும் அவற்றுக்கும் செய்துவிடுங்கள். கரிமப் பொருள் நிறைந்த கரிய மண், அழுகிய வேர்கள், சதுப்பு மண் ஆகியவை எண்ணெயே இல்லாமலும் சில சோதனைகளில் எண் காட்டும். பின்னணி எவ்வளவு என்று தெரியாமல் 8 பி.பி.எம். என்று எழுதிவைத்தால், அது கசிவா மண்ணின் இயல்பா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்ததாக, எண்ணெய் போயிருக்கக்கூடிய வழியை யோசிக்க வேண்டும். தொட்டியின் இரு முனைகளுக்கும் அடியில், எரிபொருள் நிரப்பும் வாய்க்குக் கீழே, குழாய் இணைப்புகளில், எரிபொருள் வழங்கும் எந்திரத்துக்கு அடியில் முதலில் பாருங்கள். பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். நீர்மட்டம் மழையில் ஏறி வறட்சியில் இறங்கும்போது, எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுவதும் மண்ணில் பூசிவிடும். மேலிருந்து மூன்று மீட்டர் வரை மண் சுத்தமாக இருந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே திடீரென்று எண் உயர்வது இதனால்தான். மணலில் நேராக இறங்கும் எண்ணெய், நடுவில் ஒரு களிமண் அடுக்கைச் சந்தித்தால் அதன் மேலேயே தங்கி, சரிவைப் பின்பற்றி ஓடும். குழாய் பதித்த பழைய பள்ளங்களில் நிரப்பிய மணல் எண்ணெய்க்கு நல்ல பாதை. மாசு எதிர்பாராத திசையில் தென்பட்டால் அங்கே ஏதாவது ஒரு பழைய குழாய் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவியான ஆகரால் துளையிடுவதானால் அரை மீட்டருக்கு ஒரு மாதிரி எடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் மண்ணின் வகை மாறும் எல்லையிலும், நிறம் மாறும் இடத்திலும், ஈரம் தொடங்கும் இடத்திலும் அந்தக் கணக்கை மறந்துவிட்டுக் கூடுதலாக எடுக்க வேண்டும். எண்ணெய் நீண்ட நாள் தங்கிய மண்ணில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பழுப்பு நிற மண் சாம்பல் அல்லது பச்சை கலந்த சாம்பல் நிறமாக மாறும். துளையிலிருந்து வரும் மண்ணை ஒரு பலகையில் ஆழ வரிசைப்படி அடுக்கிவைத்துப் பார்த்தால், இந்த நிறமாற்றம் கோடு போட்டதுபோல் தெரியும். கருவியை எடுப்பதற்கு முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். நீர் தேங்கும் களிமண் இயல்பாகவே சாம்பல் நிறமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பையில் அடைத்து ஆவியை அளத்தல்

ஆவியாகும் எண்ணெய்க்கு மிகவும் பயன்படும் களச் சோதனை இதுதான். தேவையான கருவி, களத்தில் எல்லோரும் பி.ஐ.டி. என்று சொல்லும் ஒளி அயனியாக்கக் கருவி. அதன் உள்ளே உள்ள புறஊதா விளக்கு, உறிஞ்சிய காற்றிலுள்ள மூலக்கூறுகளை அயனிகளாக்கி, அதனால் எழும் மின்னோட்டத்தை எண்ணாகக் காட்டுகிறது. வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலெக்ட்ரான் வோல்ட். பென்சீனை அயனியாக்க 9.24 போதும், மீத்தேனுக்கு 12.6 வேண்டும். ஆகவே சதுப்பு நிலத்திலிருந்து வரும் மீத்தேனை இந்தக் கருவி பொருட்படுத்தாது. சுடரில் எரித்து அளக்கும் இன்னொரு வகைக் கருவி மீத்தேனையும் சேர்த்தே எண்ணிவிடும். அழுகல் மண் உள்ள இடத்தில் அதைப் பயன்படுத்துபவர்கள் இதனால் தடுமாறுவதுண்டு.

காலையில் வேலை தொடங்கும் முன் சுத்தமான காற்றில் பூஜ்யத்தைச் சரிசெய்து, 100 பி.பி.எம். ஐசோபியூட்டிலீன் வாயுவைக் கொண்டு அளவுதிருத்தம் செய்யுங்கள். நண்பகலிலும் மாலையிலும் அதே வாயுவைக் காட்டிச் சரிபாருங்கள். கருவி காட்டும் எண் ஐசோபியூட்டிலீனுக்குச் சமமான எண் மட்டுமே. 10.6 விளக்கில் பென்சீனுக்கான திருத்தக் காரணி ஏறத்தாழ 0.5, அதாவது தனிப் பென்சீன் மட்டுமே இருந்தால், திரையில் 10 என்றால் உண்மையில் 5. மண்ணிலிருந்து வருவதோ பல சேர்மங்களின் கலவை, ஆகவே இந்தக் காரணியைப் பெருக்கி மாசின் அளவைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணக் கூடாது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஜிப் வைத்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பையையோ, அரை லிட்டர் கண்ணாடிக் குப்பியையோ தயாராக வைத்திருங்கள். மண் வெளியே வந்ததும், வெயிலும் காற்றும் பட்ட மேற்பரப்பைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, உள்ளே உள்ள புதிய மண்ணால் பாதியளவு நிரப்பி உடனே மூடுங்கள். குப்பியானால் வாயில் அலுமினியத் தாளைப் போர்த்தி மூடியைத் திருகுங்கள். பெட்ரோலைப் பொறுத்தவரை, மண் வாளியில் ஏறியதிலிருந்து பை மூடப்படும் வரையுள்ள அந்த ஒரு நிமிடம்தான் முழுச் சோதனையின் தரத்தையும் தீர்மானிக்கிறது. கட்டிகளைப் பையின் வெளியிலிருந்தே விரலால் நசுக்கி, 15 விநாடி நன்றாகக் குலுக்கிவிட்டு, 10 நிமிடம் நிழலில் வையுங்கள். மறுபடியும் 15 விநாடி குலுக்கிய பின், பையின் ஒரு மூலையைக் கொஞ்சமாகத் திறந்து, அல்லது அலுமினியத் தாளைக் குத்தி, கருவியின் முனையை மண்ணையோ நீர்த்துளியையோ தொடாமல் காற்றுவெளியின் நடுவில் நிறுத்துங்கள். முதல் இரண்டு முதல் ஐந்து விநாடிக்குள் எண் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். நீங்கள் எழுத வேண்டியது அந்த உச்ச எண்ணை; இறங்கி நிலைத்த எண்ணை அன்று.

குளிர்ந்த மண் ஆவியை விடாது. ஆகவே குளிர்காலத்தில் எல்லாப் பைகளையும் ஏறத்தாழ 20 டிகிரி வெப்பமுள்ள ஓர் அறையிலோ வண்டிக்குள்ளோ வைத்துச் சூடேறிய பிறகே அளக்க வேண்டும். ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைத்து அளந்த இரண்டு எண்களை ஒப்பிடவே முடியாது. ஈரம் மற்றொரு தொல்லை: காற்றில் உள்ள நீராவி கருவியின் எண்ணைக் குறைத்துக் காட்டும். நீரில் ஊறிய மண்ணில் 15 என்று வந்தால், அதே மாசுள்ள உலர்ந்த மண்ணில் அதைவிட அதிகம் வந்திருக்கக்கூடும். களிமண்ணும் ஆவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணலில் கிடைத்த 50-ஐயும் களிமண்ணில் கிடைத்த 50-ஐயும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

புதிய பை ஒன்றைக் காற்றால் மட்டும் நிரப்பி, மண் இல்லாமலே ஒருமுறை அளந்துபார்க்கும் வழக்கத்தை நான் ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு பேராக மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். என் பைகளில் 2, 3 என்று வந்துகொண்டிருக்க, எதிர்ப்பக்கத்துப் பைகளில் விடாமல் 30, 40 என்று வந்தது. அந்தப் பக்கச் சுவரை மேலும் ஒரு மீட்டர் வெட்டினோம்; எண் குறையவே இல்லை. மண்ணோ நல்ல பழுப்பு நிறத்தில், வாடை ஏதும் இல்லாமல் இருந்தது. கடைசியில்தான் தெரிந்தது: நான் காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன், அவர் ஒவ்வொரு பையையும் நிரப்பிய கையோடு அழியாத மார்க்கரால் அதன் மேல் எண் எழுதிக்கொண்டிருந்தார். காலிப் பை ஒன்றில் எழுதி மூடிவைத்து அளந்தபோது, அதுவும் முப்பதைத் தாண்டியது. மார்க்கரின் கரைப்பான் மட்டுமன்று, ஓடும் ஜெனரேட்டரின் புகை, சிலவகை ஒட்டுநாடா, கையில் பூசிய களிம்பு, வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிய கை ஆகிய எல்லாமே இந்தக் கருவியின் கண்ணுக்கு மாசுதான்.

கனமான எண்ணெய்க்கு

ஆவி வராத எண்ணெயைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி தண்ணீர்தான். வெள்ளை நிறத் தட்டு ஒன்றில் சுத்தமான நீரை ஊற்றி, ஒரு கரண்டி மண்ணை மெதுவாக அதில் விட்டு, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். எண்ணெய் இருந்தால் வானவில் நிறப் படலம் விரியும். அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கிழித்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் முக்கியமான பகுதி: எண்ணெய்ப் படலம் கிழிந்த இடத்தில் மீண்டும் ஓடிவந்து கூடிக்கொள்ளும், இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியாவின் படலம் கண்ணாடிச் சில்லுகள்போலக் கோணல்மாணலாக உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். இரண்டாவது வகையைப் பார்த்துப் பதறிப்போய் எண்ணெய் என்று எழுதிய குறிப்புகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். படலம் இல்லை, சிறிதளவு, நடுத்தரம், மிகுதி என்று நான்கு நிலைகளாகப் பதிவுசெய்தால் போதும். இதைவிட நுணுக்கமாகப் பிரிப்பது கற்பனையே.

மண்ணின் துளைகளில் எண்ணெய் தனித் திரவமாகவே நிற்கிறதா என்று அறிய, சூடான் 4 அல்லது ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தைப் பயன்படுத்துவார்கள். ஒளி ஊடுருவும் குழாயில் சம அளவு மண்ணும் நீரும் விட்டு, ஊசிமுனை அளவு சாயத்தைச் சேர்த்துக் குலுக்கினால், எண்ணெயில் மட்டும் கரையும் அந்தச் சாயம் சிவப்பு முத்துக்களாகத் தெரியும். சிவப்பு வராவிட்டால் மாசே இல்லை என்று பொருளாகாது. மண்துகளில் ஒட்டிக்கொண்டதையும் நீரில் கரைந்ததையும் இது காட்டாது. சாயத்தை வெறுங்கையால் தொட வேண்டாம்.

இருட்டாக்கிய பெட்டிக்குள் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் மண்ணைப் பார்ப்பதும் பயனுள்ளது. டீசலிலும் கச்சா எண்ணெயிலும் உள்ள பலவளைய அரோமாட்டிக் சேர்மங்கள் (பென்சீனைப் போன்ற வளையங்கள் பல இணைந்தவை) நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். பெட்ரோல் மிக மங்கலாகவே ஒளிரும். கால்சைட், சிப்பித் துண்டு, சில வேர்கள், காகித நார் ஆகியவையும் ஒளிர்வதால், சந்தேகமான துகளை வடிதாளில் வைத்து இரண்டு துளி அசிட்டோன் விடுங்கள். எண்ணெயானால் ஒளி கரைந்து தாளில் படரும்; கனிமமானால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எண்ணாகவே விடை வேண்டுமென்றால் வேதிப்பொருள் கிட்டுகள் இருக்கின்றன. ஒரு வகையில், எடைபோட்ட மண்ணை மெத்தனால் கலந்த கரைப்பானில் குலுக்கி வடிகட்டி, பால்மமாக்கும் திரவத்தில் சேர்த்து, எழும் கலங்கலை ஒரு சிறு கருவியால் அளக்கிறார்கள்; அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 9074 எண்ணிட்ட முறை இதுவே. டீசலுக்கும் அதைவிடக் கனமான எண்ணெய்களுக்கும் இது ஏற்றது, பெட்ரோலுக்கு ஏற்றதன்று. எந்த எண்ணெய் என்று முதலில் கருவிக்குச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் எண்ணும் தவறாகவே வரும். தாவர எண்ணெயும் கலங்கலைத் தரும் என்பதால், கரிமப் பொருள் மிகுந்த மண்ணில் பின்னணி மாதிரி இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். இன்னொரு வகை, குறிப்பிட்ட சேர்மங்களோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்துவது. இதில் நிறம் எவ்வளவு குறைவோ மாசு அவ்வளவு அதிகம். புதியவர்கள் இதைத் தலைகீழாக வாசித்துவிடுகிறார்கள். அரோமாட்டிக் சேர்மங்கள் குறைந்த இயந்திர எண்ணெயை இது பெரும்பாலும் தவறவிடும். குளிரில் வைக்க வேண்டிய திரவங்களை வெயிலில் விட்டுவிட்டால் கிட் வீண்.

ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது

களத்தில் எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்றையாவது ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வழக்கம். எண் மிக அதிகமாக வந்தவற்றை மட்டும் அனுப்புவது போதாது. பூஜ்யம் காட்டியவற்றையும் எல்லைக்கோட்டில் நின்றவற்றையும் சேர்த்து அனுப்பினால்தான், களத்து எண்ணுக்கும் ஆய்வக எண்ணுக்கும் அந்த இடத்தில் என்ன உறவு என்று தெரியவரும். அந்த உறவு ஓரிடத்துக்கு உரியது. ஒரு மணல் நிலத்தில் கண்டுபிடித்த ஒப்பீட்டை வேறொரு களிமண் நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பையில் குலுக்கி அளந்த மண்ணையே ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. குலுக்கியபோதே அதன் ஆவி போய்விட்டது. ஆகவே மண் எடுக்கும் அதே கணத்தில், அதே இடத்திலிருந்து, இரண்டாவது மாதிரியையும் எடுத்துவிட வேண்டும். பெட்ரோலுக்கானால், முனை வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சால் ஏறத்தாழ 5 கிராம் மண்ணைக் குத்தியெடுத்து, ஆய்வகம் முன்கூட்டியே எடைபோட்டு மெத்தனால் நிரப்பித் தந்த குப்பிக்குள் உடனே தள்ளி, குப்பியின் விளிம்பில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு மூடுங்கள். ஒரு மணல்துகள் இருந்தாலும் மூடி கசியும். டீசலுக்கும் கனமான எண்ணெய்க்கும் டெஃப்லான் பூசிய மூடியுள்ள கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பினால் போதும். எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்து, 4 டிகிரி அளவில் அனுப்புங்கள். மெத்தனாலில் இட்ட மாதிரிகளை வழக்கமாக 14 நாட்களுக்குள் பகுத்தாய வேண்டும். உறையவைத்த ஐஸ் பொதிகளைவிட உண்மையான பனிக்கட்டி நன்று. பையில் நீர் புகாதபடி இரட்டை உறையிட மறக்காதீர்கள்.

குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மாதிரி எடுத்த இடம், ஆழம், மண்ணின் வகை, நிறம், ஈரம், மூடிய நேரம், அளந்த நேரம், அப்போதைய வெப்பநிலை, கருவியின் காலைத் திருத்தம், காலிப் பையின் எண், பின்னணி எண் ஆகியவை ஒரே வரியில் இருக்க வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒரே இடத்து இரட்டைகளில் ஒன்று 40 என்றும் மற்றொன்று 90 என்றும் வந்தால், அந்த இடத்தில் 60-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க முடியாது. துளையிடும் கருவிகளைச் சோப்பு நீரிலும் பிறகு சுத்தமான நீரிலும் கழுவி, சுத்தமான பக்கத்திலிருந்து மாசுள்ள பக்கத்தை நோக்கியே வேலையைக் கொண்டுபோங்கள். கழுவிய நீரையும் மிஞ்சிய மண்ணையும் மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, ஆய்வக முடிவு வரும்வரை மழை படாத இடத்தில் வையுங்கள்.